வீட்டு இலக்கம் கட்டாயம்

எனக்கு வஞ்சம் வைத்திருக்கத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்பில் என் கலர் பென்சிலை உடைத்துவிட்டு இல்லையென்று சாதித்தவளை இன்றைக்கும் கண்டி மார்க்கெட்டில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவேன். அவளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பேன், அவளைப் பார்த்து மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஆனால் நான் ஏழு வருஷம் கறுவிக்கொண்டு திரிந்தது முதலில் ஓர் ஆள்மீது அல்ல, ஒரு பெட்டியின்மீது. கணினித் திரையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. மேலே ‘வீட்டு இலக்கம்’ என்று எழுதியிருக்கும். பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரக் குறி. நிரப்பாமல் தப்ப முடியாது என்பதற்கு அடையாளம் அந்தக் குறி.

எங்கள் வீட்டுக்கு இலக்கம் இல்லை. மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், பத்துக் குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற லயத்தில், தண்ணீர்ப் பைப்பிலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது. வழி கேட்டு வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லுவோம். வீதி என்று ஒன்றும் இல்லை, கொழுந்து லொறி வருகிற பாதைதான் உண்டு. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே அவை மேசையிலும் அலுமாரியிலும் ஆறப்போட்டுக் கிடந்து, யாராவது ஞாபகம் வந்து கொடுத்தனுப்பினால் கைக்கு வரும். அதனால் அவசரமான கடிதம் எதுவானாலும் எங்கள் ஆட்கள் கடைவீதியில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தைக் கொடுப்பார்கள். கடைக்காரர் வாங்கி வைத்திருந்து, சாமான் வாங்கப் போகும்போது கையில் தருவார். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் சீனிப் பைக்கும் பருப்புப் பைக்கும் நடுவில்தான் வந்து சேரும்.

என் தங்கைக்கு அப்போது இருபத்துநான்கு வயது. உயர்தரப் பரீட்சையை இரண்டாவது தடவையில் பாஸ் பண்ணிவிட்டு, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை, நர்ஸாக வேண்டும். பழைய சேலைக் கரையைக் கிழித்து என் கைக்குக் கட்டுப் போட்டுப் பழகுவாள். விரல் நுனி நீலம் பாய்கிறதா என்று பார்ப்பாள், இறுக்கம் கூடிவிட்டால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவாள். நான் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனால் ஒரு மணித்தியாலம் எனக்குக் கை கிடையாது.

நான் கண்டியில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். போட்டோ கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம். பிறருடைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தே எனக்கு விரல் தேய்ந்திருந்தது. அதனால் தாதிப் பயிற்சி நிலையம் ஒன்று தோட்டப்புறப் பிள்ளைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது, விண்ணப்பம் இணையத்தளத்தில் மட்டும்தான் என்று கேள்விப்பட்டதும், வீட்டில் ஒருவருக்கும் கவலையே வரவில்லை. நான்தான் இருக்கிறேனே!

தங்கை பஸ் ஏறிக் கண்டிக்கு வந்தாள். கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவளைப் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்த்திக்கொண்டு நிரப்பத் தொடங்கினேன். முதல் பக்கம் பெயர், அடையாள அட்டை. சரி. இரண்டாம் பக்கம் விலாசம்.

வீட்டு இலக்கத்தை வெறுமையாக விட்டேன். சிவந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். சிவந்தது. சைபர் போட்டேன். ‘சரியான இலக்கத்தை இடுக’ என்று அதட்டியது. வீதி என்ற பெட்டியில் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதினேன். வீதி பட்டியலில் இல்லையென்றது. நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லி முழுப் பக்கத்தையும் துடைத்துவிட்டு, முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பெயரிலிருந்து தொடங்கு என்றது.

“நம்ம தோட்டத்து பேர எங்க போடுறதுக்கா?” என்று தங்கை கேட்டாள்.

“அதுக்கு எடமே வைக்கல. கடை வெலாசத்த போடுவோம். எப்பவும் அதத்தானே குடுக்குறோம்?”

“ஒண்ணும் ஆகாதா?”

“என்னா ஆகப் போகுது? லெட்டர் வர்றதுக்குத்தானே கேக்குறான்.”

கடையின் இலக்கத்தைப் போட்டேன். கடைவீதியைப் போட்டேன். பெட்டியின் ஓரத்தில் பச்சையாக ஒரு சரி அடையாளம் வந்தது. அந்தப் பச்சையைக் கண்டு நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கடைக்குக் கீழே போய் ஆளுக்கொரு பலூடா குடித்தோம்.

பெயர்ப் பட்டியல் வந்தபோது அதில் அவள் இல்லை. அவளைவிடக் குறைந்த பெறுபேறு எடுத்த பிள்ளை, புசல்லாவைப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரப் பிள்ளை, இருந்தாள். நாங்கள் நேரிலேயே போனோம். பயிற்சி நிலையத்து ஆபீசில் இருந்த கிளார்க் அம்மா நல்ல மனுஷி, கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். தோட்டப்புறப் பட்டியல் விலாசத்தை வைத்துத் தானாகவே பிரியுமாம். என் தங்கையின் விலாசம் நகர விலாசமாம். ஆகவே அவள் நகரத்துப் பிள்ளைகளோடு போட்டி போட்டு, தோற்றுப்போய்விட்டாளாம். எழுதியவர்களே அப்படி எழுதினால் கணினி என்ன செய்யும் என்று கேட்டாள்.

அந்த நேரம் இணையத்தளத்தைச் செய்த ஆள் அங்கேயே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தார், கண்டியில் வேலை. மடிப்புக் கலையாத சட்டை. அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் விளக்கமாகச் சொன்னேன். லயத்துக்கு இலக்கமில்லை, போட்டதையெல்லாம் பெட்டி தள்ளிவிட்டது, வேறு வழி இல்லாமல் கடை விலாசத்தைப் போட்டோம் என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஃபோர்ம் தெளிவாத்தானே கிடக்குது. எத்தினை பேர் நிரப்பினவை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. வாசிச்சு நிரப்பத் தெரியாட்டி நாங்கள் என்ன செய்யிறது?”

வாசிக்கத் தெரியாதவள் என்று ஒரு நாளைக்கு இருபது விண்ணப்பம் நிரப்புகிற என்னைப் பார்த்துச் சொன்னார். பார்த்து என்பதுகூடப் பொய், பார்க்காமலேதான் சொன்னார். நாங்கள் லயத்தில்தான் இருக்கிறோம் என்று தோட்டத்துத் துரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த கிழமை திரும்பப் போனோம். பட்டியல் மூடியாயிற்று, அடுத்த வருஷம் பாருங்கள் என்றார்கள்.

அடுத்த வருஷம் அவர்கள் ஆட்களே எடுக்கவில்லை. அதற்கடுத்து கொரோனாவில் ஊர் முழுக்க மூடிக் கிடந்தது. அதற்கும் பிறகு சமையல் கேஸ் வரிசையும் பெற்றோல் வரிசையுமாகப் போயிற்று. அதற்கிடையில் அம்மாவுக்குத் தோட்ட வேலையிலிருந்து நிற்கும் வயது வந்துவிட்டது. வீட்டில் ஒருவர்கூடத் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் லயத்து வீடு கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உண்டு. நான் கண்டியில் இருந்தேன். தங்கைதான் இருந்தாள், பிள்ளை மடுவத்து வேலை தோட்டத்துப் பதிவில் சேராது. அவள் தோட்டத்தில் பேர் பதிந்தாள். பேர் பதிவது என்றால், செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் பெயர் ஏறிக் கொழுந்து பறிக்கிற ஆளாவது. அம்மாவின் கூடையையே எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு எந்த இணையத்தளத்தைப் பார்த்தாலும் பகையாயிற்று. கொமியூனிகேஷன் கடையில் இருந்துகொண்டே அவை செய்கிற அநியாயங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். போனுக்கு ஓர் இலக்கம் அனுப்பி, அதை இரண்டு நிமிஷத்துக்குள் இடு என்பான். எங்கள் தோட்டத்தில் கோயில் வளைவுக்குப் போனால்தான் சிக்னல், ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வருவதற்குள் அது செத்துப்போகும். அனுப்புகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே நிறத்தில், அதே அளவில், அழிக்கிற பொத்தானை வைப்பான். தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அரை மணித்தியாலம் எழுதியதையெல்லாம் அந்தப் பொத்தானில் பறிகொடுத்துவிட்டு, தான்தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிழை செய்தவன் குளிர் அறையில் உட்கார்ந்திருக்கிறான், மன்னிப்புக் கேட்பவர் இங்கே வியர்த்துக்கொண்டு நிற்கிறார்! எளிது, எளிது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். யாருக்கு எளிது என்று ஒருவரும் சொல்வதில்லை. செய்தவனுக்கு எளிதாக இருந்தால் போதுமென்று நினைக்கிறார்கள். ஒரு கதவைப் பூட்டிவைத்தால் பூட்டியிருக்கிறது என்றாவது எங்களுக்குத் தெரியும், வேறு கதவைத் தட்டுவோம். இவர்கள் கதவைத் திறந்துவைத்துவிட்டு, எங்கள் ஆட்கள் உள்ளே வருகிற உயரத்தில் மட்டும் ஒரு கம்பியைக் கட்டிவைக்கிறார்கள். நெற்றியில் அடிபட்டவனிடம் உனக்கு நடக்கத் தெரியாது என்கிறார்கள்.

இந்தக் கோபமே எனக்கு வேலையும் வாங்கித் தந்தது. கடைக்கு அடிக்கடி வந்துபோகிற ஒருவர், அக்குறணைக்காரர், கட்டுகஸ்தோட்டை வீதியில் பேக்கரிக்கு மேல்மாடியில் சின்னதாக ஓர் இணைய நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் ஓர் இணையத்தளத்தைத் திட்டிக்கொண்டே விண்ணப்பம் நிரப்புவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க இங்க இருந்து ஏசுறத எங்கட ஒபிசுல இருந்து ஏசுங்களே தங்கச்சி, சம்பளமும் தாறன்” என்றார். அப்படித்தான் நான் பரீட்சித்துப் பார்க்கிற வேலைக்குப் போனேன். ஓர் இணையத்தளம் வெளியே போவதற்கு முன்னால், அதைப் பாவிக்கப்போகிற மாதிரியான ஆட்களைக் கூப்பிட்டு அதன் முன்னால் உட்காரவைத்து, எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. உதவி செய்யக்கூடாது. வாய் திறக்கக்கூடாது. அவர்கள் மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லச் சொல்லி, பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படிப்பால் வந்த வேலையில்லை, பிறகுதான் அதற்கென்று ஒரு பாடநெறி படித்தேன்.

போன வருஷம் முதலாளி ஒரு புது வேலையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தாதிப் பயிற்சி நிலையத்துக்குப் புதிய இணையத்தளம். அவர்களுடைய ஆளே செய்துவிட்டார், மக்களைக் கொண்டு பரீட்சித்து, வாசகங்களை நல்ல தமிழில் எழுதித் தர வேண்டும். அந்த ஆள் பின்னாலேயே படியேறி வந்தார். தலைமயிர் கொஞ்சம் கொட்டியிருந்தது. சட்டை அதே மடிப்பு. வாய் திறந்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை, குரல் மாறவில்லை.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும், பார்த்திருந்தால்தானே?

மரியாதையாகத்தான் பேசினார். “நீங்கள் சொல்லுறதை நான் மாத்தித் தாறன். எனக்குச் சனம் சிக்கலில்லாமல் வடிவாப் பாவிச்சால் போதும்” என்றார். வருஷங்கள் ஆளைத் திருத்தியிருக்கலாம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவர் பழைய ஆளாகவே இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அன்று பின்னேரம் எல்லாரும் போன பிறகு அவருடைய புதிய விண்ணப்பத்தைத் திறந்தேன். நாலு பக்கம். நிறம் நன்றாக இருந்தது, எழுத்துப் பெரிதாக இருந்தது. இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். வீட்டு இலக்கம், சிவப்பு நட்சத்திரக் குறி. பழைய பக்கத்தை அப்படியே தூக்கிவைத்திருந்தார்.

ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பார். நான் அனுப்பவில்லை. மற்றப் பிழைகளையெல்லாம் ஒழுங்காக எழுதி அனுப்பினேன். இதை மட்டும் பொத்திவைத்தேன். கடிதத்தில் படித்துவிட்டு ஓகே என்று இரண்டெழுத்தில் பதில் போட்டு அவர் தப்பிவிடக்கூடாது. கண்ணால் பார்க்க வேண்டும். மூலையில் உட்கார்ந்து, பேச வாயில்லாமல், எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தக் கம்பியில் இடித்துக்கொள்வதை அவர் பார்க்க வேண்டும். அதன் பிறகு நான் யாரென்று சொல்ல வேண்டும். இதைக் கற்பனை செய்துகொண்டு ஒரு மாதம் பஸ்ஸில் போய்வந்தேன். சில நாள் இறங்க வேண்டிய இடம் தப்பிப்போயிற்று.

அந்த மாதத்தில் வேலையும் ஒழுங்காகச் செய்தேன். வாசகங்களை எழுதுவதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘சரியான இலக்கத்தை இடுக’ என்று அதட்டுகிற தமிழையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டு, மனுஷர் மனுஷரோடு பேசுவதுபோல எழுதினேன். முக்கியமாக, விண்ணப்பத்தை ஏற்க முடியாதவர்களுக்குக் காட்டுகிற வாசகங்கள். ஏன் ஏற்க முடியவில்லை என்று நேராகவும் தன்மையாகவும் சொல்ல வேண்டும், கடிதத்துக்குக் காத்திருக்கவும் வைக்கக்கூடாது என்று அவற்றுக்காக இரண்டு நாள் செலவழித்தேன். பக்கங்களின் வரிசையையும் என்னிடம் காட்டிக் கேட்டார்கள். பெயர், விலாசம், பெறுபேறு, பிறந்த திகதி. சரி என்று எழுதிக் கொடுத்தேன். விலாசப் பக்கம் சீக்கிரம் வந்தால்தான் எனக்கு நல்லது. மற்றதை நான் யோசிக்கவில்லை.

பரீட்சிக்க மூன்று பேரைத் தெரிவுசெய்தேன். புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு பையன், எங்கள் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு பெண்பிள்ளை, மூன்றாவதாக என் தங்கை. அவளிடம் போனில், ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கண்டிக்கு வா என்றேன்.

“எதுக்குக்கா?”

“ஒரு ஃபோம் நெரப்பணும்.”

“மறுபடியுமா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டும் நான் நிறுத்தவில்லை.

அவள் பஸ்ஸில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விரல்களில் கொழுந்துக் கறை. தேசிக்காய்ச் சாறு போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை. அவள் என் தங்கை என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இணையத்தளம் செய்தவரை மூலைக் கதிரையில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னேன். பேசக்கூடாது. எழும்பக்கூடாது. பெருமூச்சுக்கூட விடக்கூடாது. அவர் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் தலையாட்டினார்.

பையன் முதலில் உட்கார்ந்தான். அவர்களுடைய சொந்த விவரத்தையே போடச் சொல்லியிருந்தேன், கற்பனை விவரம் கொடுத்தால் யாரும் தடுக்குவதில்லை. பையன் இரண்டாம் பக்கத்தில் நின்றான். வெறுமையாக விட்டான், சிவந்தது. சைபர் போட்டான், சிவந்தது. “எங்க லயத்துக்கு நம்பர் இல்லீங்களே” என்று திரையிடம் சொன்னான். மூலையில் கதிரை கிறீச்சிட்டது. நான் திரும்பாமலே கையை உயர்த்தினேன். எனக்கு அந்தச் சத்தம் தேன் மாதிரி இருந்தது. பையன் கால் மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டு, கை எடுத்துக் கும்பிட்டு எழும்பிவிட்டான்.

பெண்பிள்ளை கெட்டிக்காரி. நேராகக் கடை விலாசத்தைப் போட்டாள். பச்சை அடையாளம் வந்தது. அதோடு நிறுத்தச் சொல்லி, ஏன் அந்த விலாசம் என்று கேட்டேன்.

“ஆபீசு வெலாசம் குடுத்தா லெட்டர் கைக்கு வர நாளாயிரும்ங்க. நாங்க எல்லாருமே கடை வெலாசந்தான் குடுப்போம். இதுலயும் நம்பர் கேக்குதுல்ல, அதான்.”

இப்போது திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகம் மாறியிருந்தது. விஷயம் பிடிபட்டுவிட்டது. தோட்டப்புறப் பட்டியல் எப்படிப் பிரியுமென்று எழுதியவர் அவர்தானே! பாயை இழுத்தவுடன் கீழே கிடந்த எல்லாம் தெரிகிற மாதிரி அவருக்கு எத்தனை வருஷத்துப் பட்டியல்கள் தெரிந்தனவோ. நன்றாகத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

பிறகு தங்கை. முதல் பக்கத்தை மெதுவாக, பிழையில்லாமல் நிரப்பினாள். இரண்டாம் பக்கம் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு மாதிரியே இருக்கே” என்றாள்.

நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொன்னாள். “இங்க நம்பர் போடாட்டி விடாது. கடை வெலாசத்த போட்டா விடும். ஆனா அப்புறம் நீ தோட்டத்து ஆளு இல்லேன்னு சொல்லிருவாங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு. நர்ஸிங் கெடைக்கல. தோட்டத்துல பேர் பதிஞ்சு இன்னைக்கும் கொழுந்துதான் எடுக்குறேன், தோட்டத்து ஆளு இல்லேன்னுட்டாங்க.” குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போல்தான் சொன்னாள்.

தேநீருக்கு நிறுத்தினோம். அவர் என்னிடம் வந்தார்.

“இந்தப் பிள்ளை…”

“என் தங்கச்சி. ஏழு வருஷத்துக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் உங்க முன்னால வந்து நின்னோம். வாசிக்கத் தெரியாட்டி என்ன செய்யிறதுன்னு கேட்டீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக. கொஞ்ச நேரம் தேடினார், பிறகு தலையை அசைத்தார். “எனக்கு ஞாபகம் வரேல்லை. பொய் சொல்லக்கூடாது. ஆனா சொல்லியிருப்பன். அப்பிடிச் சொல்லுற ஆளாத்தான் இருந்தனான்.”

ஏழு வருஷம் நான் சுமந்த வார்த்தை அவருக்கு ஞாபகமில்லை. நான் எதிர்பார்த்த மாதிரி அவர் நடுங்கவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தார். சிவப்பு நட்சத்திரத்தை எடுத்தார். தோட்டம், பிரிவு என்று இரண்டு பெட்டிகளைச் சேர்த்தார். கடிதம் அனுப்புகிற விலாசத்தை வேறாக்கினார். தோட்டத்தில் வசிக்கிறீர்களா என்று நேராக ஒரு கேள்வி போட்டார். என் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “சின்ன வேலைதான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகு அது காதில் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

அவ்வளவுதான். என் தங்கையின் வாழ்க்கைக்கு நடுவே நின்ற மதில் ஒரு தேநீர் ஆறுகிற நேரத்து வேலை. அப்போது எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் விடப் பெரிது. பெரிய சதி என்றாலாவது ஏசுவதற்கு ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

“உங்கட தங்கச்சியே இன்னொருக்கா நிரப்பிப் பாத்துச் சொல்லட்டும்” என்றார். நானும் அதைத்தான் விரும்பினேன். அவள் அந்தப் பக்கத்தைத் தாண்டி நடந்துபோவதை அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுதான் என் கடைசி அடி என்று நினைத்துக்கொண்டு அவளைத் திரும்ப உட்காரவைத்தேன். “இந்தத் தடவை கடைசி வரைக்கும் போ” என்றேன்.

தோட்டத்தின் பெயரை எழுதினாள். மேற்பிரிவு என்று எழுதினாள். தோட்டத்தில் வசிக்கிறேன் என்பதற்கு ஆம் கொடுத்தாள். பச்சை அடையாளம் வந்தது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மூன்றாம் பக்கத்தில் உயர்தரப் பெறுபேறுகள். பழைய பரீட்சை இலக்கம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது, கடதாசி பார்க்காமலே போட்டாள். மனதில் ஓடுவதைச் சொல்ல மறந்துபோய், விறுவிறுவென்று, உதட்டைக் கடித்துக்கொண்டு நிரப்பினாள். அவளை அப்படி நான் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. நாலாம் பக்கத்தில் பிறந்த திகதியைத் தெரிவுசெய்தாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய வயது எனக்குத் தெரியாதா? வாய் திறந்தேன். அதற்குள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

திரையில் நான் எழுதிய வாசகம் வந்தது. பெரிய எழுத்தில், போதிய இடைவெளி விட்டு, ஒரு கடுஞ்சொல் இல்லாமல். அவள் விதிப்படி அதைச் சத்தமாக வாசித்தாள்.

“மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சியில் சேர இருபத்தெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் அந்த வயதைக் கடந்துவிட்டீர்கள். அதனால் உங்கள் விண்ணப்பத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. இவ்வளவு நேரம் செலவழித்ததற்கு நன்றி.”

தங்கை அதை இரண்டாவது தடவை மனதுக்குள் வாசித்தாள்.

“இது நல்லா வெளங்குதுக்கா” என்றாள். “எங்கயும் முட்டல. சுத்தமா இருக்கு.” கறை படிந்த விரலை வாசகத்தின்மேல் வைத்தாள். “ஆனா வயச மொதப் பக்கத்துலயே கேட்டிருக்கலாம்ல? நாலு பக்கம் வந்துட்டேன். இந்த தடவை கெடைச்சிருச்சுன்னே நெனச்சிட்டேன்.”